ஆறாவது ஊரில் நின்ற குரல்

காலை 6.40. வேலூரிலிருந்து அமிர்தி வழியாக ஜமுனாமரத்தூர் போகும் பேருந்தில், பின்சக்கரத்துக்கு மேலுள்ள இருக்கையில் இடம் பிடித்தோம். சீட்டு ஆளுக்கு ஐம்பத்தைந்து ரூபாய். கறுப்புப் பையில் ஒரு கிதார், சக்கரம் வைத்த ஒரு ஒலிபெருக்கி, வெந்நீர் நிரப்பிய இரண்டு பிளாஸ்க். அவ்வளவுதான் எங்கள் சாமான்.

ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவர் ரூபன் அண்ணன். ராக் பாடகர். பத்து வருடம் ஒரு குழுவோடு பாடினார். குழு கலைந்த பிறகு தனியாகப் பாடுகிறார். தனி என்றால் முழுத் தனி. பின்னால் டிரம்ஸ் இல்லை, கூடச் சேர்ந்து பாட ஆள் இல்லை. ஒன்றரை மணி நேரத்தையும் ஒரே தொண்டை தாங்க வேண்டும்.

அந்தத் தொண்டையில்தான் கோளாறு. குரல் நாணில் இரண்டு முடிச்சுகள் இருப்பதாக மருத்துவர் படம் எடுத்துக் காட்டியிருந்தார். அறுவை சிகிச்சை செய்தால் பேச்சு கட்டாயம் வரும், இந்தப் பாட்டு வருமா என்று சொல்ல முடியாது என்றார். அதற்கு முன் ஒரே ஒரு சுற்று பாடிவிடுகிறேன் என்று அண்ணன் புறப்பட்டார். ஓசூரில் ஆரம்பித்து புதுச்சேரியில் முடியும் சுற்று. மேடையை விட்டு இறங்கினால் ஒரு வார்த்தை பேசக் கூடாது, பயணப் பட்டியலில் எழுதிய ஓய்வு நாளில் கட்டாயம் ஓய்வெடுக்க வேண்டும். இந்த இரண்டு நிபந்தனையோடு மருத்துவர் விட்டார். ஓசூர், கிருஷ்ணகிரி, ஆம்பூர், குடியாத்தம், வேலூர் ஆகிய ஐந்து ஊர் முடிந்திருந்தது. குரல் தாங்கியது. புதுச்சேரி வரை தாங்குமா என்பதுதான் எங்கள் இருவருக்கும் அப்போது இருந்த ஒரே கேள்வி. என் வேலை சீட்டெடுப்பது, ஒலிபெருக்கியைப் பார்ப்பது, அவருக்குப் பதிலாகப் பேசுவது.

எங்கே போக வேண்டும் என்று நடத்துனர் ரூபன் அண்ணனிடம்தான் முதலில் கேட்டார். அண்ணன் என் பக்கம் கை காட்டினார்.

"இன்னாபா, ஊமையா அவரு?"

"இல்லீங்க. பாடறவரு."

"வாயத் தொறக்காதவரு இன்னாத்தப் பாடுவாரு?"

முன் இருக்கையில் கூடையோடு இருந்த அம்மா திரும்பிப் பார்த்தார். "எங்க வூட்டுக்காரரும் அப்படித்தாங்க. காலைல வாயத் தொறக்க மாட்டாரு, சாயங்காலம் மூட மாட்டாரு." பேருந்தில் பாதிப் பேர் சிரித்தார்கள். அண்ணனும் சத்தமில்லாமல் தோள் குலுங்கச் சிரித்தார்.

7.15. கணியம்பாடி. என் சொந்த ஊர் இங்கிருந்து மூன்று கிலோமீட்டர். இந்த இடத்தில் ஒன்றை எழுதியாக வேண்டும். பட்டியலில் அன்றைக்கு 'ஓய்வு' என்றிருந்தது. அதை அடித்து 'ஜமுனாமரத்தூர்' என்று எழுதியவன் நான்தான். மலையில் சின்னத்தம்பி என்று எனக்கு ஒரு நண்பன். கல்லூரி விடுதியில் என் அறைத்தோழன். எங்கள் வீட்டில் நானும் அவன் வீட்டில் அவனும் முதன்முதலில் கல்லூரிக்குப் போனவர்கள். ஆசிரியர் ஆங்கிலத்தில் கேள்வி கேட்டால் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் குனிந்து செருப்பைத் தேடுவோம். நான் எப்பேர்ப்பட்டவரோடு ஊர் ஊராகப் போகிறேன் என்று அவன் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை. அவனுக்குப் போன் போட்டு, "ஒரு கூட்டம் ஏற்பாடு பண்ணுடா" என்று கேட்டது நான். அண்ணனிடமோ, "மலைக்காரங்க ரொம்ப ஆசப்பட்டுக் கேக்கறாங்கண்ணே" என்று சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பட்டியலைப் பார்த்துவிட்டு, போனில் 'சரி' என்று தட்டிக் காட்டினார்.

8.00. அமிர்தியைத் தாண்டியதும் காடு. ஐப்பசி மழையில் பாறைகளில் தண்ணீர் வழிந்தது. வளைவுகள் ஆரம்பித்ததும் அண்ணன் கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டார். ஏறஏறக் குளிர் கூடியது. ஈரக் குளிர் அந்தத் தொண்டைக்கு நல்லதா கெட்டதா என்று நான் மருத்துவரிடம் கேட்டிருக்கவில்லை.

9.30. ஜமுனாமரத்தூர். சின்னத்தம்பி பைக்கோடு நின்றிருந்தான். அவன் இப்போது சாமை அரைக்கும் ஆலை ஒன்றில் கணக்கு எழுதுகிறான். ஒரு ஷேர் ஆட்டோவில் சாமானை ஏற்றி, நான்கு கிலோமீட்டர் தள்ளியிருந்த அவன் ஊருக்குப் போனோம். இருபுறமும் சாமைக் கொல்லை. கதிர் முற்றித் தலை சாய்ந்து நின்றது. கொல்லைக்கு ஒன்றாக, நான்கு கம்பு நட்டு மேலே தழை போட்ட பரண்கள்.

"பன்னி வுடறதில்லடா," என்றான் சின்னத்தம்பி. "அறுக்கற வரைக்கும் ராத்திரி எல்லாரும் பரண் மேலதான். பகல்ல தூங்கி வழியறாங்க. அதான் நாலு மணிக்கு வெச்சேன். முடிச்சிட்டு அப்படியே காவலுக்குப் போய்டுவாங்க."

அவன் வீட்டில் சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் போட்டார்கள். அண்ணன் சோறு மட்டும் சாப்பிட்டார். பிறகு கண்ணை மூடிப் படுத்துக்கொண்டார்.

மாலை 4.10. ஆலைக்கு முன்னால் சிமெண்டுக் களம். அதன் ஓரத்தில் இரண்டு மேசைகளைச் சேர்த்து மேடை. நூற்றைம்பது பேர் இருக்கலாம். பலர் காவலுக்குப் போகும் கோலத்திலேயே டார்ச்சும் கம்பளியுமாக வந்திருந்தார்கள். அண்ணன் மேசை மீது ஏறி கிதாரைத் தட்டினார்.

முதல் மூன்று பாட்டு அருமையாகப் போனது. குரல் வேலூரில் இருந்ததை விடத் தெளிவாக இருந்தது. சின்னத்தம்பி என்னைப் பார்த்தான். நான் பெருமையாக ஒலிபெருக்கியின் சத்தம் கூட்டும் திருகைத் தொட்டுக்கொண்டு நின்றேன்.

நான்காவது பாட்டுதான் அவருடைய பெரிய பாட்டு. உச்சியில் ஒரு நீண்ட கத்தல் வரும். அது முடிந்ததும் சட்டென்று எல்லாம் நிற்கும். கிதார் இல்லை, குரல் இல்லை. நான்கு எண்ணும் வரை அமைதி. அந்த அமைதியில்தான் அவர் தொண்டையை இளக்கி, அடுத்த கத்தலுக்கு மூச்சு எடுப்பார். ஐந்து ஊரிலும் அந்த நேரத்தில் ஒரு நாற்காலி நகரும் சத்தம்கூடக் கேட்டதில்லை.

இங்கே அவர் நிறுத்தியதும் கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு குரல் எழுந்தது. "ஊ...ஊ..." அது முடிவதற்குள் இடப்பக்கத்திலிருந்து இன்னொன்று.

அண்ணன் சிரித்தார். இரண்டாவது அமைதி. இந்த முறை பத்துப் பதினைந்து பேர். அண்ணனின் சிரிப்பு போய்விட்டது. எனக்கும் முகம் சுட்டது. கல்லூரி மேடைகளில் பாட்டு பிடிக்கவில்லை என்றால் இப்படித்தான் ஊளையிடுவார்கள். மூன்றாவது அமைதியை அவர் எடுத்துக்கொள்ளவே இல்லை. ஊளை எழும்ப இடம் கொடுக்காமல், மூச்சும் எடுக்காமல், அடுத்த கத்தலுக்குப் போனார். அதற்கும் மேலே ஒரு படி போனார். அது பாட்டில் இல்லாத படி. போகாதீங்கண்ணே என்று மனதுக்குள் சொன்னேனே தவிர, ஒலிபெருக்கியின் சத்தத்தை ஏற்றிவிட்டால் அவர் இவ்வளவு கத்த வேண்டியதில்லை என்று எனக்குத் தோன்றவில்லை.

சங்கிலி கழன்ற சைக்கிளை மிதித்தால் பெடல் மட்டும் சுற்றும். அப்படி ஆனது. வாய் திறந்திருந்தது, கழுத்து நரம்பு புடைத்திருந்தது, ஒலிபெருக்கியில் வெறும் காற்று வந்தது.

கூட்டம் முழுவதும் ஒரே நேரத்தில் "ஊ" என்றது. டார்ச் வைத்திருந்த இரண்டு ஆண்களும் ஒரு பெண்ணும் எழுந்து மேடைக்கு ஓடி வந்தார்கள். ஒருவர் அண்ணனின் முழங்கையைப் பிடித்தார். தன்னை இறக்கிவிட வருகிறார்கள் என்று நினைத்து அண்ணன் அந்தக் கையை உதறினார். கிதார் மேசை விளிம்பில் மோதிக் 'கிண்' என்றது.

"யோவ், வுடுங்க அவர," என்று நான் கத்தினேன். "புடிக்கலன்னா எழுந்து போங்க. எதுக்கு ஊளையிடறீங்க?"

அந்தப் பெண் என்னை விநோதமாகப் பார்த்தார். பெயர் குப்பம்மா என்று பிறகு தெரிந்தது. நாற்பது வயது இருக்கும். "இன்னா தம்பி பேசற? கூவறவரு குரல் நின்னுப் போச்சி. பதில் குடுக்க வாணாமா? இன்னா ஆச்சின்னு வந்து பாக்க வாணாமா?"

சின்னத்தம்பிதான் விளக்கினான். காவல் காலத்தில் பன்றியை விரட்ட ஒரு பரணில் இருப்பவர் கூவி நிறுத்தினால் அடுத்த பரண் எடுக்க வேண்டும், அங்கிருந்து அதற்கடுத்தது. ஒரே ஆள் விடியும் வரை கூவ முடியாது என்பதால் இந்த முறை. ஒருவர் குரல் பாதியில் அறுந்தால் பன்றி குத்திவிட்டதோ, பரணிலிருந்து விழுந்துவிட்டாரோ என்று பக்கத்துக் கொல்லைக்காரர்கள் டார்ச்சோடு ஓடுவார்கள். அண்ணன் ஒவ்வொரு முறை நிறுத்தியபோதும் அந்தக் கூவலை அவர்கள் வாங்கிக்கொண்டார்கள். அவருக்கு மூச்சு விட நேரம் கொடுத்தார்கள்.

"நீயாச்சும் மொதல்ல சொல்லியிருக்கலாமேடா," என்றேன்.

"பாட்டுலயும் கூவுவாங்கன்னு எனக்கு மட்டும் எப்படிடா தெரியும்? இங்க யாரும் இப்படி நிறுத்திப் பாடனது இல்ல."

அண்ணன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு மேசை மீதே உட்கார்ந்திருந்தார். பிறகு குப்பம்மாவைப் பார்த்துக் கைகூப்பினார். அவர் பதறி, "ஐயே, நமக்கு எதுக்குங்க கும்புடு, தண்ணி குடிங்க," என்றார். அண்ணன் எச்சிலைத் துண்டில் துப்பினார். துண்டில் சிவப்பாக ஒரு கோடு இருந்தது.

மறுநாள் காலை 7.00. ஜமுனாமரத்தூரிலிருந்து அதே வழியில் இறங்கும் பேருந்து. திருவண்ணாமலை, விழுப்புரம், புதுச்சேரி மூன்று ஊருக்கும் நிகழ்ச்சி இல்லை என்று நான் போனில் சொல்லிவிட்டேன். சொல்லும்போதெல்லாம் அண்ணன் பக்கத்திலேயே இருந்தார். புதுச்சேரிக்காரர், "அடுத்த மாசம் வெச்சிக்கலாமா?" என்று கேட்டார். பார்த்துச் சொல்கிறேன் என்றேன். அண்ணன் தலையை இடவலமாக ஆட்டினார்.

மலைக்கும் எங்கள் ஊருக்கும் நாற்பது கிலோமீட்டர்தான். எங்கள் பக்கத்திலும் நெல்லுக்குக் காவல் உண்டு. அவரவர் கழனிக்கு அவரவர் தகரம் தட்டுவோம், இப்போது மின்சார வேலி போடுகிறோம். பக்கத்துக் கழனியில் சத்தம் நின்றால் தூங்கிவிட்டான் போலிருக்கிறது என்று திரும்பிப் படுப்போம். அப்படிப்பட்ட ஊரில் வளர்ந்தவன் என்பதால்தானோ என்னவோ, அந்தக் குரல்களை நான் கேலியாகவே கேட்டேன்.

அமிர்தியைத் தாண்டியதும் அண்ணனிடம் சொல்லிவிட்டேன். மலைக்காரர்கள் கேட்கவில்லை, நான்தான் கேட்டேன் என்றேன். ஓய்வை அடித்தது என் ஆசைக்காக என்றேன். "என் காலேஜ் பிரண்டு பாக்கணும்னு" என்றபோது எனக்கே கேவலமாக இருந்தது. பதில் சொல்ல முடியாத மனிதரிடம் மன்னிப்புக் கேட்கிறேன் என்பது பேசி முடித்த பிறகுதான் உறைத்தது. திட்டக்கூட அவருக்கு வழியில்லை.

அவர் போனை எடுத்தார். நிறையத் தட்டினார். நிறுத்தினார். அழித்தார். மறுபடி ஏதோ தட்டினார். நான் திரையைப் பார்க்காமல் எதிர் இருக்கையின் கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தேன். காட்டுவார் என்று காத்திருந்தேன். அதையும் அழித்துவிட்டுப் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

கணியம்பாடியில் நான் இறங்க வேண்டும். "வேலூர் வரைக்கும் கூட வர்றேண்ணே," என்றேன். வேண்டாம் என்று கையசைத்தார். ஒலிபெருக்கியைக் காலடிக்கு இழுத்து, கிதாரை மடியில் வைத்துக்கொண்டார். நான் இறங்கி நின்றேன். நடத்துனர் அவரிடம் குனிந்து ஏதோ கேட்பது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. அண்ணன் நான் உட்கார்ந்திருந்த பக்கம் கை காட்டத் திரும்பினார். இருக்கை காலியாக இருந்தது. பேருந்து கிளம்பியது.