வலது கால் ஷூவுக்குக் காவல்

ஆசுபத்திரி வராந்தாவில் சக்கர நாற்காலியை நான் தள்ளிக்கொண்டு போனேன். என் மகன் செல்வம் ஆட்களைப் பார்க்கவில்லை, தரையையே பார்த்துக்கொண்டு வந்தான். புல்கூட முளைக்காத மொசைக் தரை. அதில் என்ன தேடுகிறான் என்று எனக்குச் சந்தேகம். அவனுடைய வலது கால், முழங்காலுக்குக் கீழே இல்லை.

வீட்டில் இப்படி ஒருவரை வைத்துப் பார்க்கிறவர்களுக்குச் சொல்கிறேன்: சந்தேகப்படுங்கள். யாரும் முழுசாகச் சொல்லமாட்டார்கள்.

இவனே அப்படித்தான். ராணுவத்திலிருந்து வந்ததும் இலங்கையின் வடக்கே வேலை கிடைத்திருக்கிறது என்றான்.

"என்ன வேலைலே?"

"நிலத்தைச் சுத்தம் பண்ற வேலைம்மா."

களை பிடுங்கப் போகிறான் என்று நாங்கள் குடியிருக்கிற ஆரியசாலை முழுக்கச் சொல்லிவிட்டேன். யுத்தம் முடிந்தும் மண்ணுக்குள் கிடக்கிற கண்ணிவெடிதான் அந்தக் களை என்று கால் போன பிறகுதான் தெரிந்தது.

போனில் பேசிய அவனுடைய மேலதிகாரி, "கோட்டைத் தாண்டிட்டார்" என்றார். சோதித்து முடித்த பாதையின் ஓரத்தில் குச்சி நட்டிருப்பார்களாம். அதற்கு வெளியே கால் வைக்கக் கூடாதாம். பூட்டிய கதவை இரண்டு தடவை இழுத்துப் பார்க்கிறவன் எதற்குத் தாண்டினான்? கேட்டால் வாயே திறக்கமாட்டான்.

மருமகள் கடை வேலைக்குப் போய்விடுவாள். பகலில் நானும் அவனும்தான். மத்தியானமானால் இல்லாத பெருவிரல் எரிகிறது என்று பல்லைக் கடிப்பான். இதை ஃபாண்டம் வலி, அதாவது வெட்டி எடுத்த உறுப்பு இன்னும் இருப்பதுபோல் வரும் வலி, என்றார் மலையாள டாக்டரம்மா.

"நடிக்கானோ?" என்று அவர் காதோரம் மெல்லக் கேட்டேன்.

"இல்ல அம்மே. வலி உள்ளதுதான், கேட்டோ. கால்தான் இல்ல."

இரண்டு கால்களுக்கும் நடுவில் கண்ணாடியை நிறுத்தி, இருக்கிற காலை அசைத்துக் கண்ணாடியில் பார்க்கச் சொன்னார். மூளையை ஏமாற்றும் வைத்தியமாம். எனக்கு நம்பிக்கையில்லை. ஆனால் கொஞ்ச நாளில் எரிச்சல் குறைந்தது. ஏமாற்றியது கண்ணாடியா, இவனா என்று இன்றுவரை தெரியாது.

புண் ஆறி, மிஞ்சிய காலின் வீக்கம் வற்றியதும் செயற்கைக் கால் வந்தது. அதைப் பொருத்தியவர் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னார்: "இந்த ஷூவோட குதி உயரத்துக்குத்தான் காலை நிறுத்தியிருக்கு. ஷூ இல்லாம நடக்கக் கூடாது."

ஷூ விற்கிற தந்திரம் என்று நினைத்துக்கொண்டேன்.

அவன் நடந்தால் பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைப்பதாக வேண்டியிருந்தேன். அவனைக் கூட்டிப் போய், கோயில் வாசலிலேயே ஷூவைக் கழற்றச் சொன்னேன்.

"அம்மா, அவர் சொன்னாருல்லா..."

"காலே பொய். அதுக்கு ஷூ ஒரு கேடா? கழத்துலே."

கழற்றினான். ஒரு கையால் சுவரையும் மறு கையால் ஊன்றுகோலையும் பிடித்துக்கொண்டு நின்றான். நான் போய்த் தேங்காயை வீசினேன். சில்லு தெறித்தது. சந்தோஷமாகத் திரும்பினால், என்னிடம் வர அடி எடுத்து வைத்தவன் ஷூவின் குதி இல்லாமல் பின்னால் சாய்கிறான். நான் பாய்ந்தேன்.

"அசையாதீங்க! நின்ன இடத்துலயே நில்லுங்க!"

அவனுடைய ராணுவக் குரல். ஒரு காலைத் தூக்கியபடியே நின்றுவிட்டேன். கீழே பார்த்தேன். கால் வைக்கப் போன இடத்தில் கத்திபோல ஒரு சிரட்டைச் சில்லு. அவன் சுவரோடு சாய்ந்து, மெல்ல நிமிர்ந்து, ஊன்றுகோலால் சில்லுகளை ஒதுக்கி எனக்கு வழி செய்தான்.

"நீங்களாவது நின்னீங்க" என்றான். "அங்க ஒரு கிழவி விறகு பொறுக்கக் குச்சியைத் தாண்டிப் போயிட்டா. நில்லுன்னு கத்துனேன். பயந்து ஓடப் பார்த்தா. எட்டிப் பிடிக்கத்தான் கால வெளிய வச்சேன்."

"அவ?"

"முழுசா இருக்கா."

அந்தக் கிழவிமேல் எனக்கு வந்த கோபத்தைப் பிள்ளையாரிடம்கூடச் சொல்லவில்லை.

பிறகு அங்கிருந்து போன் வர ஆரம்பித்தது. என்னைக் கண்டால் குரலைத் தாழ்த்துவான். திரும்பப் போகப் போகிறான் என்று மோப்பம் பிடித்துவிட்டேன். அன்று முதல் ராத்திரி அவன் தூங்கியதும் வலது கால் ஷூவை எடுத்து அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்து வைத்து, விடிந்ததும்தான் கொடுப்பேன்.

"தோண்டப் போகலம்மா. ஊர்க்காரங்களுக்குச் சொல்லிக் கொடுக்கத்தான். தெரியாத பொருளைத் தொடாதே, நில்லுன்னா நில்லு. அவ்வளவுதான்."

"களை பிடுங்கப் போனவன்தானே நீ?"

சிரித்தான். சந்தேகம் போகவில்லை, போகவும் செய்யாது.

இப்போது என் காலையே நான் நம்புவதில்லை. படி இறங்குமுன் நின்று, தரையைப் பார்த்து, பிறகுதான் வைக்கிறேன். கடிகாரம் பார்ப்பதும் குறைந்துவிட்டது. மெத்தென்று ஒரு அடி, டொக்கென்று ஒரு அடி: அவன் நடக்கிற சத்தத்தில்தான் எனக்குப் பொழுது போகிறது. அது நின்றால் பொழுதும் நின்றுவிடுகிறது. அப்படி நின்ற நேரங்களில் அந்தக் கிழவிதான் நினைவுக்கு வருகிறாள். விறகு தீர்ந்தால் அவள் மறுபடி போவாள். அவள் இடத்தில் இருந்தால் நான் மட்டும் போகமாட்டேனா?

இன்று காலை பெட்டி கட்டியிருந்தது. கட்டிலைவிட்டு எழுந்தபடியே கேட்டான்.

"அம்மா, ஷூ எங்க?"

"நீ அசையாம அங்கேயே நில்லு. நான் எடுத்துட்டு வாரேன்."

நின்றான்.