அப்பாவைப் பற்றி விசாரிக்க வந்தவர்

அப்பா வெகுகாலம் பாகூர், வில்லியனூர் பக்கத்துச் செய்திகளைப் பத்திரிகைக்கு எழுதியவர். ஏரி உடைந்தது, கரும்பு எரிந்தது, அமைச்சர் வந்தார், போனார். அது அலுத்துப்போய் உளவு நாவல் எழுத உட்கார்ந்தார். “நம்ம பாகூர் கொம்யூன் பஞ்சாயத்துலயே உளவு நாவல் எழுதுன மொத ஆளு நான்தான்” என்பார். இரண்டாவது ஆள் இன்னும் வராததால் யாரும் மறுக்கவில்லை. அவர் கிறுக்கியதை டைப் செய்வது என் தலையெழுத்து.

அந்தச் சமயத்தில் செலியமேட்டிலிருந்து எனக்கு ஒரு வரன் வந்தது. முதலில் கோயிலில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். அம்மாவும் நானும் போனோம். அப்பா வரவில்லை, கதாநாயகனைப் பாதிக் கடலில் விட்டுவிட்டு எப்படி வருவார்? பையன் சமைக்கத் தெரியுமா என்று கேட்கவில்லை, என் வேலையைப் பற்றிக் கேட்டான். எனக்குப் பிடித்துவிட்டது. வீட்டில் சொல்லியும் விட்டேன்.

எங்கள் பக்கத்தில் அதற்கப்புறம்தான் நிஜமான உளவு வேலை தொடங்கும். மாப்பிள்ளை வீட்டார் ஒருவர் பெண்ணின் ஊருக்கு வந்து டீக்கடையில் விசாரிப்பார். வந்தவர் பையனின் பெரியப்பா. பெஞ்சில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது அப்பா.

“இங்க நாவல் எழுதறாரே ஒருத்தரு, இன்னா மாதிரி ஆளு?”

அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு வாசகர், அதுவும் தேடிக்கொண்டு வந்திருக்கிறார்! நான்தான் என்று சொன்னால் சுவாரஸ்யம் போய்விடும் என்று, யாரோ மூன்றாம் ஆள் போலக் குரலைத் தாழ்த்தினார்.

“அந்தாளா? உஷாரா இருங்க. மூணு பாஸ்போர்ட் வச்சிருக்கான். எங்க போறான், எப்ப வரான்னு வூட்டுல இருக்கறவங்களுக்கே தெரியாது.”

தரகர் போன் செய்தார். பெண்ணிடம் குறையில்லையாம், அப்பன்தான் சரியில்லையாம், மூன்று பாஸ்போர்ட்டாம். நாவலில் கதாநாயகனைப் பற்றிய அந்த வரியை டைப் செய்தவளே நான்தான். அப்பாவிடம் ஒரு பாஸ்போர்ட்கூடக் கிடையாது. அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. “நீங்களே போய் உண்மையச் சொல்லிட்டு வாங்க” என்று செலியமேட்டுக்கு விரட்டினேன்.

அவரைப் பார்த்ததும் பெரியப்பா வாசலுக்கே ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாராம். “வாங்க சார்! உங்களாலதான் எங்க பையன் தப்பிச்சான். காபி சாப்ட்டுட்டுதான் போவணும்!”

திரும்பி வந்த அப்பா செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றார்.

“சொன்னீங்களா?”

“எப்படிம்மா சொல்றது? காபிய அந்தப் பையனே கொண்டாந்து குடுத்தான்.” செருப்பைக் கழற்றிக்கொண்டே, “தங்கமான பையன்ம்மா” என்றார்.