சத்தம் போடாத சைக்கிள்

எத்தனை தடவை சோப்புப் போட்டும் கையில் கிரீஸ் வாடை போகவில்லை. இன்று காலை மகளின் சைக்கிளுக்குப் புது பாட்டம் பிராக்கெட் மாட்டினேன். இரண்டு பெடல்களுக்கும் நடுவே சுழலும் தண்டுக்கு அதுதான் பெயராம். மூன்று வாரத்துக்கு முன்பு எனக்கும் தெரியாது.

தெரிந்திருக்க வேண்டியவள்தான். மலேசியாவில், பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரியாக இருக்கிறேன். 'வழக்கத்துக்கு மாறான சத்தம் கேட்டால் உடனே தெரிவிக்கவும்' என்று பலகை எழுதி மாட்டியதே நான். என் மகள் யாழினி மூன்று தடவை தெரிவித்தாள்.

"அம்மா, மிதிச்சா கடக் கடக்குன்னு சத்தம் வருதும்மா."

"எண்ணெய் விடு லா," என்றேன், போனிலிருந்து தலை தூக்காமல்.

பிறகு ஒரு மாலை, சாலை விளக்கருகே தண்டு ஆடி, சங்கிலி கழன்று, அவள் விழுந்தாள். பின்னால் வந்த கொள்கலன் லாரி எப்படியோ நின்றுவிட்டது. முட்டியில் சிராய்ப்போடு போயிற்று. அவள் மறுநாளே அதைச் சொல்லிச் சிரித்தாள். நான் இன்னும் லாரி பிரேக் சத்தம் கேட்டால் ஜன்னலுக்கு ஓடுகிறேன்.

சரிசெய்யாமல் சைக்கிளைத் தொடக்கூடாது என்று உத்தரவு போட்டேன். கடைக்காரரை நம்ப மனமில்லை. எண்ணெய் விடச் சொன்ன நிபுணரையே, அதாவது என்னையே, நம்பினேன். புதுத் தண்டு எந்த நீளம், எந்த அகலம் என்று அலுவலகப் பாணியில் சிவப்பு, மஞ்சள், பச்சைக் கட்டங்களோடு ஓர் அட்டவணை தயாரித்தேன். மூன்று வாரம் ஓடியது.

"அம்மா, நீங்க பார்ட் தேடல. என்னை வீட்லயே வச்சிருக்கச் சாக்கு தேடுறீங்க."

அதற்கு என் அட்டவணையில் கட்டம் இல்லை.

நேற்று ஒருவழியாகப் பழையதைக் கழற்றினோம். வலப்பக்க மரை மட்டும் எதிர்த்திசையில் திரும்பும் என்று அவள் சொல்லச் சொல்ல, நான் ஸ்பானரில் முழு எடையையும் போட்டேன்.

"அலமாக்! டைட் பண்றீங்கம்மா!"

வெளியே வந்ததைத் துணியால் துடைத்தாள். அளவு அதன் உடம்பிலேயே பொறித்திருந்தது. அட்டவணையைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். அதே அளவில் புதியது வாங்கக் கடையில் ஐந்து நிமிடம் ஆயிற்று.

அந்தக் கருத்த கிரீஸின் வாடைதான் என்னைப் பழைய நாட்களுக்கு இழுத்துப் போனது. எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. கம்பெனி பஸ் நிற்கும் முச்சந்திவரை நானும் தோழி ரொஹானாவும் ஒரே சைக்கிளில் போவோம். அவள் பின்னால், மடியில் இரண்டு பேர் சோற்றுப் பொட்டலத்தோடு. பிரேக் வேலை செய்யாது. என் ஜப்பான் சிலிப்பர்தான் பிரேக். அந்த வண்டியும் கடக் கடக்கென்றே போகும். அந்தத் தாளத்துக்கு ரொஹானா பாடுவாள். லாரிகள் ஹாரன் அடித்தால் பாராட்டுகிறார்கள் என்று கையசைப்போம். இன்றைக்கு அந்த இரண்டு பெண்களும் என் தொழிற்சாலை வாசலில் வந்து இறங்கினால் உள்ளே விடமாட்டேன்.

புதியதை மாட்டும்போது இதை யாழினியிடம் பெருமையாகச் சொல்லித் தொலைத்தேன்.

"உங்கம்மா ஒண்ணும் சொல்லலையா?"

"அவங்களுக்கு எப்படித் தெரியும்? நாங்கதான் சொல்லவே இல்லையே."

"நான் சொன்னேனே," என்றாள், மரையில் கிரீஸ் தடவிக்கொண்டே.

இந்தத் தடவை அவள் காட்டிய திசையிலேயே திருப்பினேன். பெடலைச் சுழற்றினாள். ஒரு சத்தமும் இல்லை.

"போலாமாம்மா?"

ஹெல்மெட் வாரை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தேன். "திரும்பி வரும்போது வாசல் கார்டு கொட்டகைகிட்ட பெல் அடி."

"நான் என்ன ஹாரன் அடிச்சு ரொட்டி விக்கிற பாயா?" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டாள்.

எங்கள் வீடு இரண்டாவது மாடி. முன்பெல்லாம் கீழே காவலாளி உட்காரும் கார்டு கொட்டகை தாண்டும்போதே அந்தக் கடக் கடக் சமையலறைக்குக் கேட்டுவிடும். உடனே அவளுக்கு மைலோ கலக்கிக் கொடுக்க வெந்நீர் வைப்பேன். அதை நான் கோளாறாகக் கேட்டதே இல்லை. பிள்ளை வந்துவிட்டாள் என்றுதான் கேட்டிருக்கிறேன்.

இப்போது ஜன்னலில் நிற்கிறேன். லாரி போவது கேட்கிறது. ரொட்டிக்காரர் ஹாரன் கேட்கிறது. பெல் மட்டும் கேட்கவில்லை.

"அம்மா, மைலோ எங்கே?" என்றது யாழினியின் குரல், எனக்குப் பின்னாலிருந்து.