இடது பின்சக்கரம்

இது நடந்த விஷயம். நம்ப முடியாதவர்கள் இத்தோடு போய்விடலாம், எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. கடைசி வரை வாசித்துவிட்டு, "டயரில் காற்று சரியாக இருந்ததா, அலைன்மென்ட் பார்த்தீர்களா" என்று கேட்பதற்கென்றே சில ஆட்கள் இருக்கிறார்கள். காற்று முப்பத்திரண்டு. அலைன்மென்ட் பார்த்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. அதற்கு மேலும் கேள்வி இருந்தால், பாம்பன் பாலத்தில் உச்சிப்பொழுதில் நான் நின்ற இடத்தில் போய் நின்றுகொண்டு கேளுங்கள்.

பேய் ராத்திரியில்தான் வரும் என்று யார் சொன்னது? எனக்குப் பட்டப்பகலில் வந்தது.

என் பெயர் கிளாட்சன். ஊர் தங்கச்சிமடம். அப்பா ஆன்டனி ராஜ், நாங்கள் அய்யா என்போம், கடலுக்குப் போகிறவர். எனக்குக் கடல் ஒத்துவரவில்லை, ஒரு செடான் கார் வாங்கி வாடகைக்கு ஓட்டுகிறேன். வண்டியில் எனக்குப் பிடிக்காதது சக்கரம் மட்டும்தான். இரும்பு ரிம். எங்கள் உப்புக்காற்றில் இரும்பு என்ன பாடுபடும் என்று சொல்லத் தேவையில்லை. பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினால் துரு பொருக்குப் பொருக்காக உதிரும். டயர்களும் மொட்டையாகிவிட்டன.

அப்போது என் மனைவி ஆன்சிக்கு நிறைமாதம். இரண்டு முறை கலைந்து, மூன்றாவதாகத் தங்கிய பிள்ளை. ராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்கு எந்த நேரமும் கிளம்ப வேண்டியிருக்கும். மொட்டை டயரில் அவளை ஏற்ற எனக்கு மனம் வரவில்லை. இந்தப் பிள்ளையாவது முழுசாக எங்கள் கைக்கு வர வேண்டும். அந்த நாட்களில் எனக்கு வேறு நினைப்பே கிடையாது.

ராமநாதபுரத்தில் டயர் கடை வைத்திருக்கும் அசாருதீன் பள்ளிக்கூட நாளிலிருந்தே என் சேக்காளி. மாற்றுவதுதான் மாற்றுகிறோம், துருப்பிடிக்காத அலாய் வீலாக, பதினேழு இஞ்சில் போடு என்றேன். பார்க்க எடுப்பாக இருக்கும். அவன் மறுத்துவிட்டான்.

"பதினேழு போட்டா டயரு அப்பளமா ஆயிரும் மாப்ள. பாலத்து ஜாயின்ட்டு ஒவ்வொண்ணும் புள்ளத்தாச்சி முதுகுலதான் குத்தும்."

அரை மணி நேரம் சண்டை போட்டேன். கடைசியில் பதினாறு இஞ்சு, அதற்கேற்ற புது டயர் என்று முடிவானது. புது அலாய் விலை கையைக் கடித்தது. கடை மூலையில் ஒரு பழைய செட் கிடந்தது. பழசு என்றுதான் பேர், ஒரு கீறல் இல்லை. சாயல்குடிப் பக்கத்து ஆள் ஒருவன் கொண்டுவந்து, பேரம்கூடப் பேசாமல் போட்டுவிட்டுப் போனானாம். நாலு போல்ட் துளையும் என் வண்டிக்கு அச்சாகப் பொருந்தியது. எனக்கு வாயெல்லாம் பல்.

முதல் கோளாறு பேலன்சிங் மெஷினில் தெரிந்தது. மூன்று சக்கரம் ஒழுங்காக வந்தது. நாலாவது மட்டும் சுற்றுக்குச் சுற்று வேறு வேறு எண் காட்டியது. எடை சரிக்கட்ட ஒரு தடவை மேலே ஈயம் ஒட்டு என்றது, அடுத்த தடவை கீழே என்றது. உள்ளே ஏதோ இடம் மாறி மாறி உட்கார்வது போல. அசாருதீன் டயரைக் கழற்றினான். உள்ளே ஒரு கைப்பிடி ஈர மணல். பத்து நிமிடம் முன்னால்தான் காகிதம் பிரித்து மாட்டிய புது டயர் அது. கடைப் பையன்களைத் திட்டித் தீர்த்துவிட்டு, கழுவித் துடைத்து மறுபடி மாட்டினான். இந்த முறை மெஷின் பூஜ்யம் காட்டியது. ஒரு துளி ஈயம்கூடக் கேட்கவில்லை. இப்படி ஒரு சக்கரத்தைத் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை என்றான். அதை இடது பின்பக்கம் மாட்டினான்.

கடை வழக்கப்படி நாலு டயருக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். வண்டியை நகர்த்தினேன். மூன்று பழம் நசுங்கிக் கிடந்தது. இடது பின்சக்கரத்துப் பழத்தைக் காணோம். நசுங்கவும் இல்லை, உருளவும் இல்லை. காணோம், அவ்வளவுதான். எலி தூக்கிக்கொண்டு போயிருக்கும் என்று நான்தான் கிண்டலடித்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அய்யா குனிந்து சக்கரத்தைத் தடவிப் பார்த்தார்.

"யாரு வண்டியில கெடந்ததுலே?"

"தெரியலய்யா."

அய்யாவுக்கு ஒரு கொள்கை உண்டு. ஆள் செத்த வள்ளத்தின் பலகையை இன்னொரு வள்ளத்தில் சேர்க்கவே மாட்டார். எவ்வளவு நல்ல பலகையாக இருந்தாலும் சரி, அடுப்புக்குத்தான் போகும். எங்கிருந்து வந்தது என்று தெரியாத கட்டையைத் தொடக்கூட மாட்டார். போய்க் கோயிலில் மந்திரித்தாவது கொண்டு வா என்றார். வண்டி வாங்கியபோதே பங்குச் சாமியார் மந்திரித்துவிட்டார், சக்கரத்துக்குத் தனியாக மந்திரிப்பார்களா என்று கேட்டேன்.

"இது வள்ளமில்லய்யா, காரு" என்றும் சொன்னேன்.

அவர் கையைத் தட்டிவிட்டுக் கடற்கரைக்குப் போய்விட்டார். நின்று பேசியிருந்தாலும் நான் கேட்டிருக்க மாட்டேன்.

அடுத்த வியாழக்கிழமை காலை 11.40க்கு ஆன்சிக்கு வலி கண்டது. அவள் அம்மா ராமநாதபுரத்திலேயே இருந்ததால் நேராக ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுவதாகச் சொன்னார். அய்யா கடலில் இருந்தார். ஆன்சியைப் பின்சீட்டில் இடது ஓரமாக உட்கார வைத்துக் கிளம்பினேன்.

பாலத்தில் ஏறியதும் கேட்டது.

டக்... டக்... டக்...

கொஞ்சம் நிறுத்தம். மறுபடி மூன்று.

பாலத்து ஜாயின்ட் என்று நினைத்தேன். எல்லா வண்டியிலும் கேட்கிற சத்தம்தானே. வேகத்தைக் கூட்டினேன். ஜாயின்ட் என்றால் சத்தமும் வேகமாக வர வேண்டும். வரவில்லை. அதே மூன்று. அதே நிறுத்தம். வேகத்தைக் குறைத்தேன். அப்போதும் அதேதான்.

ஸ்டியரிங் இடது பக்கம் இழுத்தது. இடது பக்கம் கைப்பிடிச் சுவர். அதற்கு அந்தப் பக்கம் கடல். இரண்டு கையாலும் வலது பக்கம் திருகிப் பிடித்தேன். தோள் வலித்தது.

அப்போதுதான் கவனித்தேன். பாலத்தில் யாருமே இல்லை. படம் பிடிக்கிற கூட்டம் இல்லை. ஒரு பைக் இல்லை. முன்னால் காலி. பின்னால் காலி.

பிரேக்கை மிதித்தேன். வண்டி நின்றது. இன்ஜினை அணைத்தேன். ஹேண்ட்பிரேக் போட்டேன். மணி 12.04.

டக்... டக்... டக்...

சக்கரம் சுற்றவில்லை. ஆனால் சத்தம் வருகிறது.

கண்ணாடியில் தொங்கிய ஜெபமாலை நேராகத் தொங்கவில்லை. சாய்ந்து நின்றது. இடது பின்பக்கமாக... ஆன்சியைப் பார்த்து.

"இங்கன யாரோ தட்டுறாக" என்றாள் ஆன்சி.

"வெளிய யாருமில்ல."

"வெளிய இல்லங்க... கீழ."

இறங்கப் பார்த்தாள். அவள் பக்கத்துக் கதவு திறக்கவில்லை. பூட்டை எடுத்துப் பார்த்தேன். பொத்தானை அழுத்திப் பார்த்தேன். திறக்கவில்லை.

என் கதவு திறந்தது.

நான் தொடவில்லை. மெதுவாக, முழுசாக, தானாகத் திறந்து நின்றது. வெளியே அனல். ஒரே ஓட்டமாக இறங்கி ஓடு என்று யாரோ வழிவிட்டது போல இருந்தது. உண்மையைச் சொல்கிறேன், என் கால் அதற்குத் துடித்தது.

வெளியிலிருந்து அவள் கதவைத் திறக்கலாம் என்று இறங்கினேன்.

இரண்டு காலும் தரையில் பட்டதும் வண்டி நகர்ந்தது.

இடது பின்சக்கரம் மட்டும் சுற்றியது. மற்ற மூன்றும் தேய்ந்துகொண்டே போயின. கர்ர்ர்... சுவரைப் பார்த்து.

ஆன்சி பக்கத்து ஜன்னல் கண்ணாடியைப் பார்த்தேன்.

உள்ளே தண்ணீர்.

கழுத்தளவு.

அவள் வாய் திறக்கிறது. சத்தம் வரவில்லை.

டக்... டக்... டக்...

ஓடிப்போய் என் கதவுக்குள் விழுந்தேன். கதவு என் காலின் மேல் அறைந்தது. மறுபடி அறைந்தது. காலை இழுத்துக்கொண்டு உள்ளே ஏறினேன்.

ஏறியதும்...

வண்டி நின்றது.

சத்தமும் நின்றது. உள்ளே தண்ணீரைக் காணோம். நான் திரும்ப வருவேன் என்று அது எதிர்பார்க்கவில்லை போல.

சீட்டின் மேல் முழங்கால் போட்டு, பின்னால் கையை நீட்டி, வலது பக்கத்துப் பின்கதவை உள்ளிருந்து திறந்தேன். ஆன்சியை அந்த வழியாக இழுத்து இறக்கினேன். அவள் கால் தரையில் பட்டதும் காது அடைப்பு விட்டது போல ஹாரன் சத்தம். எங்களுக்குப் பின்னால் ஏழெட்டு வண்டி. வேடிக்கை பார்க்கிற கூட்டம். பாலத்து நடுவில் வண்டியை நிறுத்தியதற்காக ஒருவன் என்னைக் கெட்ட வார்த்தையில் திட்டினான். அவனைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

ஒரு மீன் வண்டிக்காரர் எங்களை ஏற்றிக்கொண்டு போனார். மூன்று மணிக்குள் பெண் பிள்ளை பிறந்தது. முழுசாக, நல்லபடியாக. ஆன்சியின் நைட்டி ஈரமாக இருந்ததற்குப் பனிக்குடம் உடைந்தது காரணம் என்று நர்ஸ் சொன்னார். பனிக்குடத் தண்ணீர் கழுத்து வரைக்கும் நனைக்குமா? அதில் மணல் இருக்குமா?

வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு போனது அசாருதீன்தான். மறுநாள் கூப்பிட்டான்.

"மாப்ள... அந்த எலுமிச்சம்பழம் கெடச்சிருச்சு."

இடது பின்சக்கரத்து டயருக்குள் இருந்ததாம். பாதி டயர் ஈர மணல். அதன் நடுவில் பழம். நசுங்கவில்லை. இப்போதுதான் பறித்தது போல இருந்ததாம்.

அந்த செட்டை விற்ற ஆளைத் தேடி அசாருதீனே சாயல்குடிப் பக்கம் மாரியூர் வரைக்கும் போனான். ஆள் ஊரில் இல்லை. ஊர்க்காரர்கள் சொன்னார்கள். போன ஐப்பசி மழையில், ஓடை கடலில் சேருகிற இடத்தில், தரைப்பாலத்துத் தண்ணீர் ஒரு காரை இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. உள்ளே புருஷனும் பெண்டாட்டியும். பிரசவத்துக்குப் போனவர்கள். அவன் பக்கத்துக் கதவு திறந்தது. நீந்திக் கரைக்கு வந்துவிட்டான். அவள் பின்சீட்டில், இடது ஓரம். அந்தக் கதவு திறக்கவில்லை. அவன் திரும்பிப் போகவில்லை. கரையில் நின்றவர்களுக்குத் தட்டுகிற சத்தம் வெகுநேரம் கேட்டதாம்.

மூன்று தட்டு. கொஞ்சம் நிறுத்தம். மூன்று தட்டு.

காரைக் கரைக்கு இழுத்த பிறகு, புதுசாகப் போட்ட அலாய் வீணாகக் கூடாது என்று நாலையும் கழற்றி விற்றவன் அந்தப் புருஷன்தான். இவனெல்லாம் ஒரு மனிதனா? அவன் என் கையில் கிடைக்காமல் இருப்பது அவனுக்கு நல்லது.

நாலு அலாயையும் அசாருதீன் உடைத்து உருக்கப் போட்டுவிட்டான். என் வண்டி இப்போது அதே துருப்பிடித்த இரும்பு ரிம்மில்தான் ஓடுகிறது, டயர் மட்டும் புதுசு. சாமியாரைக் கூப்பிட்டு ஒவ்வொரு சக்கரமாக மந்திரித்தாகிவிட்டது. ஆன்சி இடது பக்கம் உட்காருவதே இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை, அவள் அம்மா வீட்டிலிருந்து அவளையும் பத்து மாதப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வந்தேன். பாலத்தில் ஏறும்போது உச்சி வெயில். ஆன்சி வலது ஓரமாகச் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

இடது பின்ஜன்னல் கண்ணாடியில் கேட்டது. வெளியிலிருந்து.

டக்... டக்... டக்...

என் மகள் ஆன்சியின் மடியிலிருந்து நழுவினாள். சீட்டில் தவழ்ந்து இடது ஓரத்துக்குப் போனாள். கண்ணாடியைப் பிடித்து எழுந்து நின்றாள்.

பதிலுக்கு மூன்று தட்டினாள்.

பிறகு, தெரிந்தவர்களைப் பார்த்தால் சிரிக்கிற மாதிரி சிரித்தாள்.