ஆழத்துப் பவளமும் அப்பாவின் ஸ்வெட்டரும்

தேயிலை மலையில் பிறந்துவிட்டு, தீவில் பவளம் வளர்க்கும் வேலை எனக்கு. லீவில் வீட்டுக்கு வரும்போதெல்லாம் அப்பா, "என்னடா, கல்லுக்குத் தண்ணி ஊத்துறியா?" என்று கிண்டல் செய்வார்.

கல் இல்லை, உயிர் என்று விளக்கினேன். அலை அடிக்கும் மேல்மட்டத்தில் அது தடித்த குட்டைக் கிளைகளோடு நிற்கும். ஆழத்தில் வெயில் குறைவு. கிடைக்கிற கொஞ்சத்தைப் பிடிக்கத் தட்டுப்போல விரிந்துகொள்ளும். ஆழத்துத் துண்டைச் சட்டென்று மேலே கொண்டுவந்தால், வெளிச்சம் தாங்காமல் வெளுத்துச் செத்துவிடும். அதனால் நிழல் வலை கட்டி, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவோம்.

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். காலமெல்லாம் தேயிலை நர்சரியில் வேலை செய்தவர்.

"எங்க நர்சரியிலயும் அப்படித்தான்லா. கன்னு மேல கட்டுன வலைய ஒரே நாள்ல உருவிட்டா கருகிப் போயிரும்."

அன்றிலிருந்து போனில் முதல் கேள்வியே, "கல்லு எதுவரைக்கும் ஏறிருக்கு?" என்பதுதான்.

அம்மா இறந்தபின் அப்பா எஸ்டேட் கொடுத்த லயத்து வீட்டில் தனியாகத்தான் இருந்தார். அவருக்கு வேலை ஓய்வு வந்தது. எஸ்டேட்டில் வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. மாதக் கடைசிக்குள் சாவி ஆபீசுக்கு வரவேண்டும் என்று எஸ்டேட் குமாஸ்தாவான கிராணி வாசலில் நின்றபடியே சொல்லிவிட்டுப் போனார். வேறு ஆளுக்கு உடனே தரவேண்டுமாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்பா சாமி படத்தைத் துணியில் சுற்றினார்.

மலையூர் தானா ராத்தாவில் பஸ் ஏறினோம். மலை இறங்கி வேர்த்துக் கொட்டியும் அவர் ஸ்வெட்டரைக் கழற்றவில்லை. தீவில் என் குவார்ட்டர்ஸ் வாசலிலும் அதைப் போட்டுக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார். சோறு இறங்கவில்லை. மூச்சு முட்டுகிறது என்றார். கிளினிக்கில் கொடுத்த எந்த மாத்திரைக்கும் கேட்கவில்லை.

ஒரு சாயங்காலம் கேட்டார். "மேல ஏத்துறதுக்கு அந்தக் கல்லுக்கு எவ்ளோ நாள் குடுப்பீங்க?"

"மாசக்கணக்கா ஆகும்பா. அவசரப்பட முடியாது."

"ம். அது குடுத்து வச்சது" என்று சொல்லிவிட்டுக் கடலைப் பார்க்காமல் திரும்பிக்கொண்டார்.

அந்தமுறை ஏற்றிய துண்டுகள் மேலே வந்து பிழைத்துக்கொண்டன. அதைச் சொல்ல அப்பா இல்லை. அந்த ஸ்வெட்டரோடுதான் போனார்.

அப்பாவின் காரியத்தை அவர் ஊரிலேயே செய்ய எஸ்டேட்டுக்கு வந்தேன். எங்கள் வீட்டுக் கதவில் ஆபீஸ் பூட்டு தொங்கியது. யாராவது குடிவந்தார்களா என்று பக்கத்து வீட்டு அக்காவிடம் கேட்டேன்.

"யாரும் வரலடா தம்பி. நீங்க போனதுலேருந்து சும்மாதான் கெடக்கு."