அம்மாவுக்கு வாங்கிய கண்ணாடி

எங்கள் அம்மாவுக்குக் கண் போய்விடப் போகிறது என்று இரண்டாம் வகுப்பு படிக்கும்போது நான் உறுதியாக நம்பினேன். அதற்குக் காரணம் ஒரு தொடர்கதை.

அப்பாவுக்கு மலையில் ஏலத்தோட்டத்தில் வேலை. சனிக்கிழமை போடிமெட்டிலிருந்து ஜீப்பில் இறங்கி வரும்போது ஒரு வாரப் பத்திரிகை வாங்கி வருவார். அதில் வரும் தொடர்கதையைச் சித்தி உரக்க வாசிப்பாள். மண்டியிலிருந்து கூலிக்குப் பொறுக்க வந்த ஏலக்காயைச் சுளகில் பரப்பி, பூச்சி துளைத்ததைப் பொறுக்கி எறிந்தபடி அம்மா கேட்பாள். சித்தி கல்யாணமாகித் தேவாரம் ஊருக்குப் போய்விட்டாள். அந்த வாரம் பார்த்துக் கதாநாயகி ஆற்றில் விழுந்திருந்தாள். செத்தாளா பிழைத்தாளா என்று சொல்ல வீட்டில் ஆளில்லை.

“நீ வாசி ஆத்தா. எனக்குக் கண்ணு மங்கலா இருக்கு” என்றாள் அம்மா.

“எழுத்துக்கூட்டித்தாம்மா வாசிப்பேன்.”

“கூட்டியே வாசி. விரல வச்சு வாசி, வரி தப்பிப்போகும்.”

நான் வாசித்த வேகத்தில் கதாநாயகியைக் கரையேற்ற மூன்று நாள் ஆயிற்று. அம்மா அசரவில்லை. அவள் பார்வை என் விரலோடு ஊரும். “அத இன்னொருக்கா சொல்லு” என்பாள். நான் மூச்சு வாங்கும் நேரத்தில்தான் சுளகுப் பக்கம் திரும்புவாள்.

பக்கத்து வீட்டுத் தாத்தாவுக்கும் முதலில் மங்கலாக இருந்து, பிறகுதான் பார்வை முழுதும் போனதாம். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. சனிக்கிழமை அப்பா வந்ததும் தட்டைத் தள்ளி வைத்தேன்.

“அம்மாவுக்குக் கண்ணாடி வாங்குனாத்தான் சாப்பிடுவேன்.”

“அவ கண்ணுக்கு என்ன கேடு? ஏலக்காயில ஊசிமொன ஓட்டையக்கூட...”

அம்மா அவரை ஒரு பார்வை பார்த்தாள். அப்பா மீதியை விழுங்கிவிட்டார். மறுவாரமே தேனிச் சந்தையில் ஒரு கண்ணாடி வாங்கி வந்தார். போட்டால் தலை சுற்றுகிறது என்று அம்மா அதை மாடத்தில் வைத்துவிடுவாள். நான் விடுவேனா? தினமும் எடுத்து வந்து அவள் மூக்கில் மாட்டினேன்.

மாதங்கள் ஓடின. ஒருநாள் பாண்டி ஆடத் தோழிகள் வாசலில் நின்றார்கள். அவசரத்தில் ஒரு வரியை விட்டுவிட்டு அடுத்ததற்குத் தாவினேன்.

“நில்லு. இதை விட்டுட்ட” என்றாள் அம்மா. ஏலக்காய் மணக்கும் விரல் தாளில் வந்து நின்றது. “அ...வன்... கடி...தத்தை... கிழித்...தான்.”

அவள் தன் வாழ்நாளில் தானாக வாசித்த முதல் வரி அது. எனக்கு அதெல்லாம் எங்கே தெரிந்தது? கண்ணாடி மாடத்தில் கிடந்தது மட்டும்தான் தெரிந்தது. கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஓடிப்போய் எடுத்து வந்து மாட்டினேன்.

“கண்ணாடி போடாம வாசிக்காதன்னு எத்தன தடவ சொல்றது? இருக்கிற கண்ணும் போயிரும்!”

அம்மா கண்ணாடியோடு அதே வரியை முதலிலிருந்து இன்னொரு முறை வாசித்தாள். கன்னத்தில் கண்ணீர் வழிந்தது.

அப்பா அளவு தெரியாமல் வாங்கிவிட்டார் என்று நினைத்துக்கொண்டு நான் விளையாடப் போனேன்.