இடது கிட்னியைத் தேடிய காலை

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பெண்கள் பள்ளியில் நான் பி.டி. டீச்சர். இருபத்திரண்டு வருடமாக விசில் ஊதுகிறேன். "வார்ம் அப் பண்ணாம கிரவுண்டுல கால வைக்கக் கூடாது" என்று தினமும் ஒரு தடவையாவது பிள்ளைகளிடம் சொல்லிவிடுவேன். போன வருடம் ஆண்டுவிழாவை ஒட்டி ஆசிரியைகளுக்கும் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கும் கோ-கோ ஆட்டம் வைத்தோம். கணக்கு டீச்சர் நாலு எட்டு ஓடிவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டதால் அவருக்குப் பதில் நான் இறங்கினேன். வார்ம் அப் செய்யவில்லை.

மூன்றாவது எட்டில் யாரோ பின்னாலிருந்து என் இடது கெண்டைக்காலில் கல்லால் அடித்தார்கள். "எவட்டி கல்லெறிஞ்சது?" என்று திரும்பிக் கத்தினேன். பிள்ளைகள் திருதிருவென்று விழித்தார்கள். கல்லும் இல்லை, எறிந்தவளும் இல்லை. ஆனால் காலை ஊன்ற முடியவில்லை.

என் கணவர் வன்னியம்பட்டி ரோட்டில் மோட்டார் பட்டறை வைத்திருக்கிறார். தோட்டத்துக் கிணறுகளில் எரிந்துபோகும் மோட்டார்களுக்குக் காயில் சுற்றித் தருவது அவர் வேலை. போன் போட்டதும் கிரீஸ் கையோடு வந்து என்னை வண்டியில் ஏற்றினார். எலும்பு டாக்டர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். "எலும்புல ஒண்ணும் இல்ல. சதைதான் கிழிஞ்சிருக்கும்னு நினைக்கேன். எக்ஸ்ரேல சதை தெரியாது. ராஜபாளையத்துல போயி அல்ட்ரா சவுண்ட் ஸ்கேன் எடுத்துட்டு வாங்க" என்று எழுதிக் கொடுத்தார்.

வெளியே வந்ததும் என் கணவர் குரலைத் தாழ்த்தினார். "அது கர்ப்பமா இருக்கவங்களுக்குல்ல எடுக்கிறது. ஏட்டி, எதுவும் விசேஷமா?"

எனக்கு அப்போது நாற்பத்தெட்டு வயது. கால் மட்டும் நன்றாக இருந்திருந்தால் அங்கேயே ஒரு உதை விட்டிருப்பேன்.

ராஜபாளையத்து ஸ்கேன் சென்டரில் இருந்தவர் இளவயதுப் பெண் டாக்டர். கையும் வாயும் ஒரே நேரத்தில் ஓடும். கெண்டைக்காலில் சில்லென்று ஜெல்லியைப் பூசி, சோப்புக்கட்டி அளவில் இருந்த கருவியை வைத்து இழுத்தார். திரையை என் பக்கம் திருப்பிவிட்டார்.

"வரிவரியா இறகு மாதிரி ஓடுதுல்ல டீச்சர், அது நல்ல சதை. இந்தா, இந்த இடத்துல வரி நின்னு போச்சு பாருங்க. கறுப்பாத் தெரியிறது கசிஞ்ச ரத்தம். பாதத்த லேசா மேல கீழ ஆட்டுங்க."

ஆட்டினேன். கிழிந்த விளிம்பு மீன் வாயைப் போலத் திறந்து மூடியது. இருபத்திரண்டு வருடமாகச் சுவரில் தொங்கும் படத்தைக் காட்டித்தான் தசை பற்றிப் பாடம் நடத்தியிருக்கிறேன். உயிரோடு அசையும் தசையை, அதுவும் என் தசையையே, அன்றைக்குத்தான் பார்த்தேன். வலியை மறந்து, "இன்னொரு தடவை ஆட்டட்டுமா?" என்று கேட்டேன். டாக்டர் சிரித்துக்கொண்டே கருவியை முழங்காலுக்குப் பின்னால் வைத்து அமுக்கினார். "ரத்தக்குழாய் அமுங்குது. உள்ள ரத்தம் உறையல. நல்லது."

என் கணவர் திரைக்குப் பக்கத்தில் தலையை நீட்டினார். "காயில் அறுந்த மாதிரில்ல இருக்கு. திரும்பச் சுத்த முடியாதா டாக்டர்?"

"அதுவே சுத்திக்கிடும் சார். ஆறு வாரம் ஆகும்."

அந்த ஆறு வாரமும் பட்டறைக்கு வந்த விவசாயிகள் அத்தனை பேருக்கும் என் கால் கதை போய்ச் சேர்ந்தது. "பி.டி. டீச்சருக்கே சதை கிழிஞ்சிருச்சு" என்று என் கணவர் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். நானும் விடவில்லை. சாயங்காலம் ஆனால் பரோட்டா, ராத்திரி ஆனால் நெஞ்செரிச்சல் என்று இருந்த மனிதரை எங்கள் தெரு டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். டாக்டர் இவர் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு, வயிற்று ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்தார். என் காலுக்கு மறு ஸ்கேன் எடுக்கும் நாளிலேயே அதையும் எடுத்துவிடலாம் என்று முடிவானது.

பரீட்சைக்கு முந்தின வாரம் மட்டும் படிக்கும் பிள்ளைகளை எனக்கு நன்றாகத் தெரியும். இவரும் அதே ரகம். கடைசி ஒரு வாரம் பரோட்டாக் கடைப் பக்கமே தலைகாட்டவில்லை. விடிந்ததும் செண்பகத்தோப்பு ரோட்டில் நடந்தார். வீட்டுக்கு வந்து சட்டையைத் தூக்கி, "லிவர் இளைச்சிருக்கா பாரு" என்று கேட்டார்.

ஸ்கேன் நாள் வந்தது. முதலில் நான். கறுப்பு மறைந்து, கிழிந்த இடம் வெளுத்த தழும்பாகியிருந்தது. டாக்டர் இரண்டு காலையும் அளந்தார். இடது தசை வலதைவிட மெலிந்திருந்தது. "தினமும் குதிகாலத் தூக்கித் தூக்கி இறக்குங்க. உங்களுக்கு நான் சொல்லணுமா?" என்றார். வகுப்பில் குட்டு வாங்கிய பிள்ளைபோல எழுந்து வெளியே வந்தேன்.

அடுத்து அவர். வெறும் வயிற்றில் வரச் சொன்னதால் தண்ணீராகக் குடித்து நிரப்பிக்கொண்டு வந்திருந்தார். கூட்டம் அதிகம். பொறுக்க முடியாமல் கழிவறைக்குப் போய்த் திரும்பவும் பெயரைக் கூப்பிடவும் சரியாக இருந்தது. நானும் உள்ளே போய் நின்றேன்.

"மூச்ச இழுத்துப் பிடிங்க. லிவர் கொஞ்சம் வெள்ளையாத் தெரியுது சார். பக்கத்துல கிட்னி இருக்குல்ல, அதவிட வெள்ளையா இருக்கு. கொழுப்பு."

நான் வெற்றிப் புன்னகையோடு அவரைப் பார்த்தேன். டாக்டர் அவரை ஒருக்களித்துப் படுக்கச் சொல்லி, இடது பக்கம் கருவியை வைத்தார். மேலே இழுத்தார், கீழே இழுத்தார். மறுபடி ஜெல்லி போட்டார். அதுவரை ஓயாமல் பேசிக்கொண்டிருந்தவர் பேச்சை நிறுத்தினார். என் கணவரின் முகம் சிவந்துகொண்டே வந்தது.

"டாக்டர், அவரு மூச்ச விடலாமா?" என்றேன்.

"ஐயோ, விடுங்க சார், விடுங்க." பிறகு மெல்லச் சொன்னார். "இடது கிட்னியக் காணோம்."

இவர் எழுந்தே உட்கார்ந்துவிட்டார். "காணோமா? நான் யாருக்கும் குடுக்கலையே!" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார், எங்கே வைத்தாய் என்று கேட்பதுபோல.

"சிலருக்குப் பிறவியிலயே ஒண்ணுதான் இருக்கும். சிலருக்கு வேற இடத்துல இருக்கும். கீழ தேடணும்னா மூத்திரப்பை நிறைஞ்சிருக்கணும். நீங்க காலி பண்ணிட்டீங்க. தண்ணி குடிச்சிட்டு ஒரு மணி நேரம் இருங்க."

"கல்யாணத்துக்கு முன்னால எனக்கு அப்பெண்டிக்ஸ் ஆபரேஷன் பண்ணாங்க. அப்ப இதையும் சேத்து எடுத்திருப்பாங்களோ?"

"உங்க தழும்பு வலது பக்கம், கீழ இருக்கு சார். அந்த வழியா இடது கிட்னிய எடுக்க முடியாது" என்றார் டாக்டர். இவர் அரைமனதோடுதான் வெளியே வந்தார்.

வெளியே பெஞ்சில் வ. புதுப்பட்டியிலிருந்து வந்த கர்ப்பிணிப் பெண் ஒருத்தி கையில் பாட்டிலோடு இருந்தாள். அவளுக்கும் தண்ணீர் குடித்துக் காத்திருக்கும் தண்டனைதான். "அண்ணே, எம்புட்டு குடிச்சீங்க?" என்று கேட்டாள். "ஒரு லிட்டர் ஆச்சு." "நான் ஒண்ணரை. அப்ப எனக்குப் பின்னாலதான் நீங்க" என்றாள் கறாராக. அவளுக்கு அடுத்து அமர்ந்திருந்த ஜவுளிக்கடை பாய் விவரம் முழுவதையும் கேட்டுவிட்டுப் பெருமூச்சு விட்டார். "எனக்கு அந்த இடது கிட்னியிலதான் மூணு கல்லு. உங்களுக்குக் கல்லு வாரதுக்கு இடமே இல்ல. கொடுத்து வச்சவரு அண்ணாச்சி."

எல்லோரும் சிரித்தோம். இவரும் சிரித்தார். சிரிப்பு அடங்கிய பிறகு என் பக்கம் சாய்ந்து, "ஒத்தக் கிட்னின்னே வச்சுக்கோ. பாப்பாட்ட இப்பச் சொல்ல வேண்டாம். பயந்துரும்" என்றார். எங்கள் மகள் கோயம்புத்தூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். அவர் குரலில் விளையாட்டு இல்லை. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் நாலு பேர் பார்க்க அவர் கையை நான் பிடித்ததில்லை. அன்றைக்குப் பிடித்தேன், கொஞ்சம் அழுத்தியே பிடித்தேன்.

"கைய விடுட்டி" என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு. "நீ அமுக்குனா எனக்கு இங்கயே வந்துரும்."

முறை வந்ததும் இரண்டு முழங்காலும் ஒட்டியபடி உள்ளே நடந்தார். டாக்டர் அடிவயிற்றில் கருவியை வைத்தார். நிறைந்த பை திரையில் கறுப்புக் குளம்போலத் தெரிந்தது. கருவியை லேசாகச் சாய்த்தார். குளத்துக்குப் பின்னால், கொஞ்சம் திருகிக்கொண்டு, பெரிய மொச்சைக்கொட்டை மாதிரி ஒன்று உட்கார்ந்திருந்தது.

"இந்தா இருக்காரு!" டாக்டர் கிட்டத்தட்டக் கூவினார். "தாய் வயித்துல இருக்கப்பக் கிட்னி ரெண்டும் கீழதான் உருவாகும். பொறவு மேல ஏறும். உங்களுக்கு ஒண்ணு ஏறிருச்சு, இன்னொண்ணு ஏறாம இங்கயே தங்கிருச்சு."

"அம்பத்தோரு வருசமா?"

"அம்பத்தோரு வருசமா."

ஒரு பொத்தானைத் தட்டினார். மொச்சைக்குள் சிவப்பும் நீலமுமாக ரத்தம் மினுக்கியது. "ரத்தம் நல்லா ஓடுது, நீர் தேங்கல, கல்லும் இல்ல. எப்படி வேலை பாக்குதுன்னு தெரிஞ்சுக்க ஒரு ரத்தப் பரிசோதனை எடுத்துருங்க. எந்த டாக்டர்ட்ட போனாலும் கிட்னி இங்க இருக்குன்னு முதல்ல சொல்லிருங்க. அது பாட்டுக்கு இருக்கும். லிவரத்தான் கவனிக்கணும்."

கடைசி வாக்கியம் அவர் காதில் விழவில்லை. கழிவறையை நோக்கி ஓடிக்கொண்டிருந்தார்.

ரத்தப் பரிசோதனை நல்லபடியாக வந்தது. ஸ்கேன் ரிப்போர்ட்டை லேமினேட் செய்து பட்டறையில் வைத்துக்கொண்டார். மோட்டார் கொண்டுவருகிறவர்கள் அதைப் படிக்காமல் போக முடியாது. அதோடும் நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை எங்கள் சர்ச் ஆராதனையில், கடவுள் தனக்குச் செய்த நன்மையைச் சபை முன்னால் சாட்சியாகச் சொல்ல வேண்டும் என்று போதகரிடம் கேட்டார். போதகர் மூன்று நிமிடம் கொடுத்தார். இவர் கால் மணி நேரம் எடுத்துக்கொண்டார். கிட்னி காணாமல் போனது, தண்ணீர் குடித்தது, பாய் பொறாமைப்பட்டது எல்லாம் வந்தது. லிவர் மட்டும் வரவில்லை.

பெண்கள் பக்கத்திலிருந்து நான் எழுந்து, "லிவரையும் சொல்லுங்க" என்றேன். விசில் ஊதிப் பழகியவள் குரல். கடைசி வரிசைவரை கேட்டது. போதகரே புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தார்.

அந்த மாதம் சர்ச்சில் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடும் அசன விருந்தில் பரிமாறிய அக்கா, என் கணவர் இலையில் குழம்பை மட்டும் ஊற்றினார். கறிக் கரண்டியோடு அடுத்த இலைக்குப் போய்விட்டார்.